பழைய ஆயிலுக்கு ஒரு நேர்மையான லேபிள்

பைக்கை ஆயில் சர்வீஸுக்கு விட்டால், மெக்கானிக் முதலில் என்ஜினைச் சற்று நேரம் ஓடவிடுவார். ஆயில் சூடேறி இளகியதும் வண்டிக்கு அடியில் தட்டை வைத்து டிரெயின் நட்டைக் கழற்றுவார். கன்னங்கரேலென்று ஒரு லிட்டருக்குச் சற்று முன்பின்னாக இறங்கும். வண்டிக்காரரின் கண் அப்போது புது டப்பாவின் மேல்தான் இருக்கும். எந்தக் கம்பெனி, என்ன விலை, மூடியில் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். தட்டில் இறங்கிய ஆயிலை யாரும் கேட்பதில்லை. அது மெக்கானிக்குக்கு உரியது என்பது எழுதப்படாத வழக்கம். கடை ஓரத்தில் நிற்கும் பேரலில் அதை ஊற்றிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். பேரல் நிறைந்ததும் ஒருவர் சின்ன லோடு வண்டியில் வந்து, லிட்டர் கணக்கில் பணம் கொடுத்து எடுத்துப்போவார். பெரும்பாலும் ரசீது இருக்காது. எங்கே போகிறது என்று கேட்கும் வழக்கமும் இல்லை.

அந்தப் பேரலில் இருப்பதைக் கழிவு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். முறையாகச் சுத்திகரித்தால் அதிலிருந்து மறுபடியும் தரமான என்ஜின் ஆயில் கிடைக்கும். அதை வாங்கி அதே வண்டியில் ஊற்றலாம். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இது பல ஆண்டுகளாக நடக்கிற தொழில். இந்தியாவிலும் உரிமம் பெற்ற ஆலைகள் இருக்கின்றன, விதிகள் இருக்கின்றன, 2024இலிருந்து இலக்குகளும் வந்துவிட்டன. ஆனால் கடையில் டப்பாவைக் கையில் எடுக்கிறவரிடம், இது பழைய ஆயிலிலிருந்து எடுத்தது, இன்ன தரத்தில் இருக்கிறது என்று நேராகச் சொல்லி விற்கும் சந்தை மட்டும் இங்கே உருவாகவில்லை. அது உருவாகாதவரை மற்ற ஏற்பாடுகள் எல்லாம் பாதியில்தான் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

பேரலுக்குள் என்ன இருக்கிறது

என்ஜின் ஆயிலில் ஏறத்தாழ 75 முதல் 90 சதவீதம்வரை அடிப்படை எண்ணெய். தொழிலில் இருப்பவர்கள் பேஸ் ஆயில் என்பார்கள். மீதி அடிட்டிவ் எனப்படும் சேர்மானங்கள். கரித்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மிதக்கவைக்க ஒன்று, அமிலத்தை முறிக்கக் கால்சியம் கலந்த ஒன்று, உலோகத்தோடு உலோகம் உரசித் தேயாமலிருக்கத் துத்தநாகம் கலந்த ஒன்று, சூட்டில் ஆயில் தண்ணீராகிவிடாமல் பிடித்துவைக்க இன்னொன்று. வண்டி ஓட ஓடத் தீர்ந்துபோவது பெரும்பாலும் இந்தச் சேர்மானங்கள்தான். கூடவே எரியாத எரிபொருள், ஈரம், கரி, தேய்ந்த உலோகத்தின் பொடி எல்லாம் வந்து சேர்கின்றன. அடிப்படை எண்ணெயின் பெரும்பகுதிக்கு அதன் மசகுத் தன்மை போவதில்லை. அழுக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடுவதைப் பார்த்து, ஆயில் கெட்டுவிட்டது என்று பலர் பதறுகிறார்கள். கரியை என்ஜினில் படியவிடாமல் தன்னோடு சுமந்துகொண்டிருப்பதால்தான் அந்தக் கறுப்பு. ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அது அடையாளம்.

அழுக்கிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுப்பது எளிய வேலை இல்லை. முதலில் தெளியவிட்டு வடிகட்டி, சூடாக்கி, நீரையும் பெட்ரோல் போன்ற இலேசானவற்றையும் ஆவியாக்கி விரட்ட வேண்டும். அடுத்து டீசல் அளவுக்குக் கனமான பகுதியைப் பிரிக்க வேண்டும். அதன் பிறகுதான் முக்கியமான கட்டம். சாதாரண அழுத்தத்தில் காய்ச்சினால் எண்ணெய் கொதிப்பதற்கு முன்பே கருகிச் சிதைந்துவிடும். அதனால் காற்றை உறிஞ்சி வெற்றிடத்துக்கு அருகே கொண்டுபோய், குறைந்த சூட்டிலேயே அதை ஆவியாக்கிக் குளிர்வித்துப் பிடிக்கிறார்கள். பழைய அடிட்டிவ், உலோகம், கரி எல்லாம் அடியில் தார்போலத் தங்கிவிடும். அதற்கும் தார்ச் சாலைப் பொருள்களில் பயன் உண்டு. கடைசிக் கட்டத்தில், நல்ல ஆலைகளில், கிடைத்த எண்ணெயை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினையூக்கியின் மேல் செலுத்துகிறார்கள். கந்தகமும் நைட்ரஜனும் கழன்றுவிடும். நிறமும் நாற்றமும் போய்விடும். இப்படி வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த இரண்டாம் பிரிவுத் தரத்தை எட்டுகிறது: செறிவுற்ற ஹைட்ரோகார்பன் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கந்தகம் 0.03 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதில் புதிய சேர்மானங்களைக் கலந்தால் என்ஜின் ஆயில் தயார். அந்தக் கழகத்தின் சான்று முறை, அடிப்படை எண்ணெய் கச்சாவிலிருந்து வந்ததா, பழைய ஆயிலிலிருந்து வந்ததா என்று பேதம் பார்ப்பதில்லை. சோதனையில் தேற வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

இதில் மிச்சமாவது என்ன என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்குச் சொல்வதுண்டு. சுமார் 2.4 லிட்டர் மசகு எண்ணெய் எடுக்க ஒரு முழு பேரல், அதாவது 159 லிட்டர், கச்சா எண்ணெய் வேண்டும். பழைய ஆயிலென்றால் 3.8 லிட்டர் போதும். இந்தக் கணக்கை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கச்சாவின் மீதிப் பகுதி வீணாவதில்லை. பெட்ரோலாகவும் டீசலாகவும் போகிறது. அதையும் சேர்த்துச் சொன்னாலும் பழைய ஆயிலின் மதிப்பு குறைவதில்லை. மணலி ஆலை உட்பட நம் சுத்திகரிப்பு நிலையங்கள் எடுக்கும் அடிப்படை எண்ணெய் நாட்டின் தேவைக்குப் போதவில்லை. தென்கொரியாவிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் கப்பல் கப்பலாக வருகிறது. அப்படி அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கியதை ஒரே ஒருமுறை பயன்படுத்திவிட்டுச் சூளையில் கொளுத்துகிறோம்.

கறுப்பு ஆயில் போகும் வழிகள்

தமிழ்நாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் கறுப்பு ஆயிலுக்கு வேலை இருக்கிறது. கட்டட வேலையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்க சென்ட்ரிங் தகட்டிலும் பலகையிலும் அதைத்தான் துணியில் தோய்த்துத் தடவுகிறார்கள். கரையான் வராமலிருக்கக் கொட்டகைக் கால்களுக்கும் வேலிக் கம்பங்களுக்கும் அடிக்கிறார்கள். லாரியின் அடிப்பகுதியிலும் பட்டைகளிலும் துரு ஏறாமலிருக்கப் பீய்ச்சுகிறார்கள்; அது அடுத்த மழையில் சாலையில் கழுவப்பட்டுச் சாக்கடைக்குப் போகிறது. பைக் செயினுக்கு விடுகிறார்கள். பேரல் கணக்கில் போவது சூளைகளுக்கும் பாய்லர்களுக்கும் உலோகம் உருக்கும் உலைகளுக்கும். உலை எண்ணெயைவிட மலிவு என்பதுதான் காரணம். இன்னொரு வழியும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு பொருளை வீணாக்காமல் பயன்படுத்துவது நம் ஊரின் நல்ல குணம். ஆனால் இந்தப் பொருள் அந்தக் குணத்துக்கு ஏற்றதில்லை. என்ஜினுக்குள் எரிதலின் பக்கத்திலேயே கிடந்த ஆயிலில், புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பல வளைய ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்துவிடுகின்றன. கூடவே தேய்ந்த உலோகங்களும். சுத்திகரிக்கப்படாத, அரைகுறையாகச் சுத்திகரிக்கப்பட்ட கனிம எண்ணெய்களை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பொருள்களின் பிரிவு அது. சரியான சூடும் புகை வடிகட்டியும் இல்லாத உலையில் கறுப்பு ஆயிலை எரித்தால் இவை எல்லாம் புகைபோக்கி வழியாகப் பக்கத்து ஊருக்குப் போகின்றன. ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்க முகமை வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை.

எந்த மெக்கானிக்கின் கையை வேண்டுமானாலும் பாருங்கள். நகக்கண்ணிலும் விரல் மடிப்புகளிலும் நிரந்தரமாக ஒரு கறுப்புக் கோடு. வேலை முடிந்ததும் சோப்புத்தூளையும் மரத்தூளையும் போட்டுத் தேய்ப்பார், சிலர் மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவுவார்கள். தோலின் இயல்பான எண்ணெய்ப் பசையை அது எடுத்துவிடுவதால் அடுத்த நாள் கறுப்பு ஆயில் இன்னும் எளிதாக உள்ளே இறங்கும். பதினைந்து பதினாறு வயதில் தொழில் பழக வருகிற பையன்களின் கையும் இப்படித்தான் ஆகிறது. ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இது கோபம் வரவேண்டிய விஷயம்.

பழைய ஆயிலை யார் எங்கே கொண்டுபோகிறார்கள் என்று கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு ஊரே சாட்சி. டைம்ஸ் பீச் என்ற அந்தச் சிற்றூரின் சாலைகள் மண் சாலைகள். 1970களின் தொடக்கத்தில் புழுதி அடங்குவதற்காகக் கழிவு எண்ணெய் தெளிக்க ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அதே ஆள் ஒரு ரசாயன ஆலையின் டையாக்சின் கழிவையும் அப்புறப்படுத்தும் வேலையை எடுத்திருந்தார். இரண்டும் ஒன்றாகக் கலந்து ஊரின் தெருக்களில் கொட்டப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 1982இல் மண்ணைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. 1983இல் மத்திய அரசே அந்த ஊரை விலைக்கு வாங்கி, இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களை வெளியேற்றியது. இன்று அந்த ஊர் இல்லை. கறுப்பு ஆயிலுக்கு ஒரு தனிக் கெடுதல் உண்டு. எதைக் கலந்தாலும் அதன் நிறத்தில் மறைந்துவிடும்.

வாங்குகிறவர் எதை நம்புவது

பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த வழி இதுதான்: கறுப்பு ஆயிலில் ஒரு பங்கு ஏதாவது ஒரு கொட்டகையில் களிமண்ணில் வடிக்கப்பட்டு, நிறமி சேர்க்கப்பட்டு, மறுபடி டப்பாவில் ஏறி நம்மிடமே வருகிறது. நிறம் வெளுத்திருக்கும். அடிட்டிவ் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். காலியான நல்ல கம்பெனி டப்பாக்களுக்குப் பழைய இரும்புக்கடையில் தனி விலை கிடைப்பது இந்தத் தொழிலால்தான். மூடியில் ஹாலோகிராமும் க்யூஆர் குறியீடும் வந்திருப்பதும் இதனால்தான். ஆயில் மாற்றிய பிறகு காலி டப்பாவைக் கிழித்துப்போடச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

லூஸ் ஆயில் வாங்குகிறவர்கள் சோதிக்கும் முறையைக் கவனித்திருப்பீர்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்து, பிசுபிசுப்பைப் பார்ப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்ப்பார்கள். மோந்து பார்ப்பார்கள். இந்த மூன்று சோதனையிலும் கொட்டகை ஆயில் தேறிவிடும். தேறுவதற்காகத்தான் நிறமியே சேர்க்கப்படுகிறது. நூறு டிகிரி சூட்டில் பிசுக்கு எவ்வளவு நிற்கிறது, அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை எவ்வளவு இருக்கிறது, துத்தநாகம் எவ்வளவு என்பதெல்லாம் ஆய்வகத்தில் மட்டுமே தெரியும். கொட்டகை ஆயிலை ஊற்றிய ஆட்டோ முதல் நாளே நின்றுவிடாது. சில மாதம் ஓடி, ரிங் தேய்ந்து, புகை கக்கி, பிறகு ஒருநாள் என்ஜின் வேலைக்கு வரும். அப்போது எந்த டப்பாவைக் குற்றம் சொல்வது? ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அது வட்டிக்குக் கடன் வாங்க வேண்டிய செலவு.

இந்த அனுபவம்தான் மக்கள் மனதில், மறுசுழற்சி ஆயில் என்றாலே போலி ஆயில் என்ற கருத்தை ஊன்றியது. அதனால் கோடிக்கணக்கில் முதல் போட்டு, வெற்றிடக் கோபுரமும் ஹைட்ரஜன் உலையும் வைத்து நேர்மையாகத் தொழில் செய்கிற சுத்திகரிப்பாளர், தன் சரக்கின் பிறப்பை வெளியே சொல்லப் பயப்படுகிறார். அவருடைய அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் வேறு கலப்பு நிறுவனங்களுக்கு மொத்தமாகப் போய், அவர்களின் பெயரில் டப்பாவில் ஏறுகிறது. நல்லதும் கெட்டதும் ஒரே இருட்டில் நிற்கின்றன. இந்த இருட்டில் லாபம் பார்ப்பவர் கொட்டகைக்காரர் ஒருவர்தான். லேபிளில் உண்மை இல்லாத சந்தையில் விலை மட்டுமே பேசும். விலையில் அவரை யாரும் வெல்ல முடியாது.

லேபிள் கொன்ற சந்தை

லேபிள் போட்டால் போதுமா என்றால், எப்படிப்பட்ட லேபிள் என்பதில் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் 1960களில் பழைய ஆயிலைச் சுத்திகரிக்கும் தொழில் நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. 1964இல் அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. இப்படிப்பட்ட ஆயில் டப்பாவின் மேல், இது முன்பு பயன்படுத்தப்பட்ட எண்ணெயிலிருந்து வந்தது என்று தெளிவாக எழுத வேண்டும். நுகர்வோரை ஏமாற்றக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் தரம் என்ன என்று அந்த லேபிள் சொல்லவில்லை. நன்றாகச் சுத்திகரித்ததும் வெறுமனே வடிகட்டியதும் ஒரே முத்திரையோடு அலமாரியில் நின்றன. வாங்குகிறவர்கள் விலகிப்போனார்கள். வரிச் சலுகை மாற்றங்களும், கந்தக அமிலம் போட்டுச் சுத்தம் செய்யும் முறையில் வந்த கசடைக் கொட்ட இடமில்லாத நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

1975இல் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வந்த எரிசக்திச் சட்டம் இதைத் திருத்த முயன்றது. மறுசுழற்சி ஆயில் புது ஆயிலுக்கு நிகரானது என்று காட்டச் சோதனை முறைகளை வகுக்கும்படி அது உத்தரவிட்டது. 1980இல் வந்த இன்னொரு சட்டம் பழைய முத்திரைக் கட்டாயத்தை விலக்கியது. நிகரானது என்று சோதனையில் நிறுவினால் அப்படியே டப்பாவில் எழுதலாம் என்ற வணிக ஆணைய விதி வர 1995 ஆனது. நடுவே இருபது ஆண்டுகள் போய்விட்டன. அதற்குள் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் பழைய ஆயில் மட்டமானது என்பது பாடமாகிவிட்டது. 2011இல் வால்வோலின் நிறுவனம் பாதிக்குப் பாதி மறுசுழற்சி எண்ணெய் கலந்த நெக்ஸ்ட்ஜென் என்ற ஆயிலை, அதை மறைக்காமல் விளம்பரப்படுத்தியே கொண்டுவந்தது. முழு உத்தரவாதமும் கொடுத்தது. அந்தப் பெயர் கடைகளில் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. நம் ஊரில் பழையதை உருக்கிப் புதிதாக்கிய ஒரு பொருளை யோசனையில்லாமல் வாங்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. தங்கம். நகைக்கடையில் வாங்கும் வளையலின் தங்கம் சுரங்கத்திலிருந்து வந்ததா, யாரோ ஒருவரின் பழைய சங்கிலியை உருக்கியதா என்று எந்தத் தாயும் கேட்பதில்லை. 916 முத்திரையைப் பார்ப்பார். 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்கத் தனி அடையாள எண்ணும் வேண்டும் என்று ஆனது. அதைச் செல்பேசியில் தட்டிச் சரிபார்க்கலாம். ஆயில் டப்பாவுக்கு நான் கேட்பது இதே ஏற்பாட்டைத்தான். அடிப்படை எண்ணெய் எந்தப் பிரிவு, அதில் மறுசுழற்சிப் பங்கு எத்தனை சதவீதம், எந்த உரிமம் பெற்ற ஆலை, எந்த ஆய்வகத்தில் எந்தத் தொகுதி சோதிக்கப்பட்டது என்ற நான்கு விவரம் தமிழிலும் சரிபார்க்கத்தக்க எண்ணோடும் டப்பாவில் இருக்க வேண்டும். பிறப்பை மட்டும் சொல்லித் தரத்தைச் சொல்லாத லேபிள் அமெரிக்காவில் தொழிலைக் கொன்றது. இரண்டையும் சொல்லாத நம் டப்பா இங்கே நுகர்வோரைக் கொல்கிறது.

விதி இருக்கிறது, கடைக்கு வரவில்லை

பழைய ஆயில் 1989இலிருந்தே நம் நாட்டில் அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. கந்தக அமிலத்தையும் களிமண்ணையும் போட்டுச் சுத்தம் செய்து, அமிலக் கசடை எங்காவது கொட்டிவிடும் முறை 2003 திருத்தத்தில் தடைசெய்யப்பட்டது. அதே காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. மசகு எண்ணெய் என்ற பெயரில் வெளிநாட்டுக் கழிவு எண்ணெய் மும்பைக்கு அருகே நவ ஷேவா துறைமுகத்துக்குள் வந்து கிடந்தது. 133 கண்டெய்னர். அவற்றை எரித்து அழிக்க 2005இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. டப்பாவில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் தொடர்பில்லாத வியாபாரம் எவ்வளவு பெரிய அளவில் நடக்கும் என்பதற்கு அந்த வழக்கு ஒரு சான்று.

2023 செப்டம்பரில் வந்த திருத்தம் இவற்றைவிட முக்கியமானது. ஆயில் விற்கும் நிறுவனமே, விற்றதற்கு ஏற்பப் பழைய ஆயில் மறுசுழற்சி ஆவதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டு இலக்கு 5 சதவீதம். படிப்படியாக 50 சதவீதம்வரை உயர வேண்டும். பழைய ஆயிலை இறக்குமதி செய்கிறவர்களுக்கு முழுப் பொறுப்பு. உற்பத்தியாளர், சேகரிப்பவர், சுத்திகரிப்பாளர் எல்லாரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிய வேண்டும். சுத்திகரிப்பாளர் எவ்வளவு சுத்திகரித்தாரோ அவ்வளவுக்குச் சான்றிதழ் கிடைக்கும். ஆயில் நிறுவனம் அதை விலைகொடுத்து வாங்கி இலக்கைக் காட்டும்.

இதை நான் மனதார வரவேற்கிறேன். சுத்திகரிப்பாளருக்கு முதல்முறையாக ஒரு கூடுதல் வருமானம் வருகிறது. ஆனால் அந்தச் சான்றிதழ் நிறுவனத்துக்கும் ஆலைக்கும் வாரியத்துக்கும் இடையில் கணினியிலேயே சுற்றுகிறது. கடையில் ஆயில் வாங்குகிறவர் அதைப் பார்ப்பதில்லை. தெருமுனை மெக்கானிக்கிடமும் அது போவதில்லை. இலக்கு உயர உயர, ஏட்டில் மட்டும் சுத்திகரிக்கப்பட்ட ஆயில் பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றக் கழிவுகளில் போலிச் சான்றிதழ் சிக்கலை இந்த நாடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

மெக்கானிக்கின் பேரலுக்கு யார் அதிக விலை கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுத்திகரிப்பாளர் உரிமம், சோதனை, வரி, கழிவு மேலாண்மை எல்லாவற்றுக்கும் செலவு செய்துவிட்டு வருகிறார். சூளைக்குக் கொடுப்பவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. உலை எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் கறுப்பு ஆயிலைக் கொளுத்துகிறவர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராகிவிடுகிறார். மாதம் முழுக்கச் சேர்த்த பேரலை மெக்கானிக் யாருக்குக் கொடுப்பார்? அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பணத்தில்தான் கடைப் பையனின் டீச் செலவும் கரண்ட் பில்லும் போகிறது.

இத்தாலி இதற்கு 1980களிலேயே வழி கண்டது. சட்டப்படி அமைந்த ஒரு கூட்டமைப்பு 1984இலிருந்து நாடு முழுக்கப் பழைய ஆயிலைச் சேகரிக்கிறது. சந்தைக்கு வரும் ஒவ்வொரு கிலோ மசகு எண்ணெய்க்கும் விற்பவர் ஒரு சிறு கட்டணம் கட்டுகிறார். அதில் சேகரிப்புச் செலவு நடக்கிறது. பட்டறைக்காரரிடம் பணம் கேட்காமல் வண்டி வந்து எடுத்துப்போகும். சேகரித்ததில் அநேகமாக முழுவதும் மறுபடி அடிப்படை எண்ணெயாகிறது. ஜெர்மனியில் என்ஜின் ஆயில் விற்கும் கடை, விற்ற அளவுக்குப் பழைய ஆயிலை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே பழைய ஆயிலுக்கு விலை இருக்கிறது. இலவசமாகக் கேட்டால் ஒருவரும் கொடுக்க மாட்டார். உற்பத்தியாளர் பொறுப்பில் திரளும் பணத்தில் ஒரு பகுதியை, லிட்டருக்கு இவ்வளவு என்று நேராக மெக்கானிக்கின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் சூளையின் விலையை வெல்லலாம். செல்பேசியில் பணம் வாங்காத மெக்கானிக் கடை இன்று எது? கூடவே ஒரு மூடியுள்ள பேரல், ஒரு புனல், மாதம் ஒரு பெட்டி கையுறை. இதெல்லாம் ஆயில் நிறுவனங்களின் விளம்பரச் செலவில் சிறு துளி.

முதலில் வாங்க வேண்டியவர்

தனி மனிதர்கள் நம்பி வாங்க நாளாகும். முதலில் அரசு வாங்க வேண்டும். அமெரிக்காவில் சந்தை ஓரளவு மீண்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1988இல் சுற்றுச்சூழல் முகமை அரசுத் துறைகளுக்கு மறுசுழற்சி ஆயில் கொள்முதல் வழிகாட்டி வெளியிட்டது; குறைந்தது 25 சதவீதம் மறுசுழற்சி எண்ணெய் உள்ள ஆயிலை வாங்கப் பரிந்துரைத்தது. 1993இல் அதிபர் கிளிண்டனின் ஆணை அதை வலுப்படுத்தியது. அஞ்சல் துறையின் வண்டிகள் அந்த ஆயிலில் ஓடின. வழியில் நின்றுவிடாமல் ஓடுகிற அரசு வண்டிதான் மக்களுக்கு நம்பிக்கை தரும் விளம்பரம்.

தமிழ்நாட்டில் அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடம் ஏறத்தாழ 20,000 பேருந்துகள் இருக்கின்றன. ஒரு பேருந்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றுக்கும் ஒருமுறை ஆயில் மாற்ற 3 லட்சம் லிட்டர் வேண்டும். பணிமனைகளில் வடியும் பழைய ஆயில் இன்று ஏலத்தில் போகிறது. அதிக விலை கேட்பவர் எடுக்கிறார். அந்த ஏலத்தை மாற்றி அமைக்கலாம். பழைய ஆயிலை எடுக்கும் உரிமம் பெற்ற ஆலை, விலையின் ஒரு பகுதியைப் பணமாகத் தராமல், அதே அளவு தரச் சான்றுள்ள புது ஆயிலாகத் திருப்பித் தரட்டும். என்ஜின் தயாரிப்பாளர் கேட்கும் தரக் குறியீடு அதில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. முதலில் ஒரு கோட்டத்தில், உத்தரவாதக் காலம் முடிந்த பேருந்துகளில் தொடங்கலாம். பாதிப் பேருந்துகளுக்கு வழக்கமான ஆயில், பாதிக்கு இது. ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் மாதிரி எடுத்து, இரும்பும் செம்பும் எவ்வளவு தேய்ந்து வந்திருக்கிறது என்று ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் அளந்து, முடிவை அப்படியே வெளியிட வேண்டும். சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும்.

மின்சார வாகனங்கள் வந்துவிட்டால் இந்தக் கவலையெல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மின்சார ஸ்கூட்டருக்கு என்ஜின் ஆயில் வேண்டாம், உண்மை. ஆனால் நாமக்கல் லாரியும் டிராக்டரும் ஜெனரேட்டரும் விசைப்படகும் இன்னும் பல ஆண்டுகள் டீசலில்தான் ஓடும். மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்ஜினுக்கு ஆயில் மாற்றியவர் பழையதை எங்கே ஊற்றுகிறார் என்று காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ நின்று பார்த்தால் தெரியும். அங்கே சேகரிப்புப் பேரல் வைப்பது மீன்வளத் துறை செய்யக்கூடிய வேலை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்தபோது, மீனவர்கள் குவளையாலும் வெறுங்கையாலும் அதை அள்ளியதைத் தமிழ்நாடே பார்த்தது. அது என்ஜின் ஆயில் இல்லை. ஆனால் தண்ணீரில் கலந்த எண்ணெயைத் திரும்ப எடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று அந்த வாரத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

மூன்று துறைகள் இதில் கைகோக்க வேண்டும். டப்பாவில் இருக்க வேண்டிய விவரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனமும் நுகர்வோர் விவகாரத் துறையும் முடிவு செய்ய வேண்டும். மெக்கானிக்குக்கு நேரடிப் பணம் என்பதை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் தளத்திலேயே சேர்க்கலாம். போக்குவரத்துக் கழகத்தின் ஏல நிபந்தனையை மாற்ற டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. அதைச் சென்னையிலேயே, அடுத்த ஏல அறிவிப்புக்கு முன்பே செய்துவிட முடியும்.